முதல் டம்ளர்

ஒரு வீட்டின் யோக்கியதை தெரியவேண்டுமானால் அந்த வீட்டு ஃபிரிட்ஜின் கதவு ரப்பரை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும் என்பது மோப்பத்தின் கட்சி. வெளியே துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார்கள். ரப்பர் மடிப்புக்குள் கறுப்புப் பூசணம் ஓரம் அடித்தது போல ஓடிக்கொண்டிருக்கும். பின்பக்கம், மோட்டாருக்கு மேலே, வடிகிற தண்ணீர் நிற்பதற்கு ஒரு தட்டு உண்டு. அப்படி ஒரு தட்டு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். அதில் நிற்பதைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீருக்கு அவமானம்.

மோப்பம் என்பது கடையில் வைத்த பெயர். ஆரம்பத்தில் அவர் லோடு தூக்குகிறவராகத்தான் சேர்ந்தார். முதுகில் பட்டை கட்டி, ஆள் உயர ஃபிரிட்ஜை மாடிமாடியாக ஏற்றினார். ஏற்றிவைத்த பெட்டியை எப்படி மட்டம் பார்த்து நிறுத்துகிறார்கள், தண்ணீர்க் குழாயை எப்படி இணைக்கிறார்கள் என்று மூச்சு வாங்கும் நேரத்தில் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். பழைய பெட்டியைத் திரும்ப எடுக்கிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. கதவைத் திறக்காமலே, “உள்ள முட்டை உடைஞ்சிருக்கு, துடைக்காம விட்டிருக்காங்க” என்பார். திறந்தால் அப்படியே இருக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது.

பெருமையான மூக்குதான். ஆனால் அதோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. குளியலறையில் ஈரத் துண்டு கிடந்தால் வாசலிலேயே தெரிந்துவிடும். துணி தைத்துக் குடும்பத்தில் பாதியைத் தாங்குகிற அவர் மனைவி, “இந்த மூக்கைக் கழட்டிக் கடையிலயே வெச்சுட்டு வாய்யா, புண்ணியமாப் போகும்” என்பாள். அவர் சட்டை செய்வதில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்பது அவருடைய வைராக்கியம். பையில் சொந்தப் பாட்டில் இருக்கும்.

அந்த வைராக்கியத்துக்குத்தான் முதலாளி வேட்டு வைத்தார்.

தண்ணீரும் ஐஸும் கதவிலேயே வருகிற பெரிய ஃபிரிட்ஜ்கள் கடைக்கு வந்த புதிதில், முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. குழாய் இணைத்து முடித்ததும் வருகிற முதல் டம்ளர் தண்ணீரை, மாட்டினவனே வீட்டுக்காரர் முன்னால் குடிக்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். “ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்யா” என்றார். ஒருவன் குடிக்கமாட்டேன் என்றான். அவன் இப்போது கடையில் இல்லை.

மோப்பம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வாய் நிறைய வாங்கிக்கொண்டு, கன்னம் உப்ப, கண்ணைச் சுருக்கிச் சிரிப்பார். போட்டோ எடுத்தவுடன் எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரி வெளியே போய், வண்டி மறைவில் துப்பிவிடுவார். எத்தனையோ வீட்டுத் தண்ணீர் அவர் வாய்க்குள் போயிருக்கிறது. தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கியதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சம்பந்தி வீட்டு வேலை வந்தது.

முதலாளியின் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அது. கடையிலேயே பெரிய ஃபிரிட்ஜை முதலாளி மகளுக்கு அனுப்பினார். அனுப்பும்போது மோப்பத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

“யோவ், இது நம்ம மானப் பிரச்சினை. அந்த ஆளு எதுல குத்தம் கண்டுபிடிக்கலாம்னு உக்காந்திருப்பாரு. ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. முதல் டம்ளரைச் சிரிச்ச முகமாக் குடிக்கிற. ஏதாச்சும் ஏறுக்குமாறா ஆச்சு, திரும்பிக் கடைப்பக்கம் வந்துடாத. சொல்லிட்டேன்.”

“சரி முதலாளி” என்றார் மோப்பம். இந்த வயதில் வேறு கடையில் போய் மறுபடி பட்டை கட்டி லோடு தூக்க அவர் முதுகில் தெம்பில்லை. அது முதலாளிக்கும் தெரியும்.

வாசலிலேயே வீட்டம்மா நின்றிருந்தாள். கையில் வாசனைத் தண்ணீர் அடிக்கிற பாட்டில்.

“ஏம்பா, எல்லாரும் காலைக் கழுவிட்டு உள்ள வாங்க. எங்க வீட்ல சுத்தம்னா சுத்தம்.”

ஓரத்துக் குழாயில் மோப்பம் காலைக் கழுவினார். மூக்கு உடனே விழித்துக்கொண்டது. சோப்பு வாசனை. சுற்றிப் பார்த்தார். சோப்பும் இல்லை, சோப்பு வைக்கிற இடமும் இல்லை.

“என்னப்பா தேடுற?”

“இல்லம்மா, சோப்பு வாசனை வந்துச்சு.”

“எங்க வீட்ல எல்லாமே மணக்கும்பா” என்றாள் வீட்டம்மா, குளிர்ந்துபோய்.

சமையலறை பளபளவென்றுதான் இருந்தது. லோடு ஆட்கள் பழைய ஃபிரிட்ஜை நகர்த்தினார்கள். அது நின்ற இடத்தில் தரை என்று ஒன்று இல்லை. எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாகி, அதில் கரப்பான் முட்டைகள் பதிந்து, ஒரு கரண்டியும் சீப்பும் பாதி புதைந்து கிடந்தன. சீப்பில் முடி இருந்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த வாசனைத் தண்ணீரை இரண்டு தடவை அடித்தாள்.

“உங்க ஆளுங்க கால்ல வந்த அழுக்கு” என்றாள் பிறகு.

மோப்பம் சுரண்டி எடுத்தார். லோடு ஆட்கள் புதுப் பெட்டியை வைத்துவிட்டு, பழையதோடு வண்டியில் கிளம்பிப்போனார்கள். வீட்டுக்காரர் அப்போதுதான் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. வீட்டில் இருக்கும்போதும் இஸ்திரி கலையாது.

“கேன் தண்ணிக்காரனை நேத்தோட நிறுத்திட்டேன்” என்றார். “இனிமே குடிக்கிறது, ஐஸு, எல்லாம் இதுலதான். சம்பந்தி பெருமையாச் சொன்னாரு. பாப்போம்.”

ஃபிரிட்ஜுக்குப் போகிற மெல்லிய வெள்ளைக் குழாயைப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே உள்ள தண்ணீர் லைனில்தான் இணைக்க வேண்டும். அங்கே தண்ணீரை மூடுகிற திருகு துருப்பிடித்து அசையவில்லை. மேலே டேங்கில் மூடினால்தான் வேலை நடக்கும். மோப்பம் மொட்டைமாடிக்கு ஏறினார்.

மேலே இரண்டு கறுப்பு டேங்க் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் சமையலறை என்றும் மற்றதில் தோட்டம் என்றும் பெயின்டில் எழுதியிருந்தது. தோட்ட டேங்குக்கு அருகில், தகரக் கூரைக்குக் கீழே, துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அழுக்குத் தண்ணீர்க் குழாயைத் தரையில் விடாமல், தூக்கித் தோட்ட டேங்கின் வாய்க்குள் செருகியிருந்தார்கள். தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறார்கள், நல்லதுதானே என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் கண் கீழே போனது. இரண்டு டேங்குக்கும் நடுவே, அடியில், ஒரு குழாய். சுற்றிச் சுற்றி டேப் ஒட்டி, மேலே சிமென்டை அப்பி, கட்டுப்போட்ட முழங்கால் மாதிரி இருந்தது.

சமையலறை டேங்கின் மூடியைத் திறந்தார். திறந்திருக்க வேண்டாம். மேலே சாம்பல் நிறத்தில் நுரை ஏடாகப் படிந்திருந்தது. துண்டிலிருந்து உதிர்ந்த பஞ்சு இழை இழையாக மிதந்தது. ஒரு சட்டைப் பொத்தான் பாதி மூழ்கியும் மூழ்காமலும் சுற்றிவந்தது. ஓரத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, உள்ளாடை இடுப்பு எலாஸ்டிக் ஒரு துண்டு, நைந்து போய்ப் புழு மாதிரி நெளிந்தது. மெஷின் அப்போதுதான் ஒரு சுற்றுத் தண்ணீரைக் கொட்டியது போல. பக்கத்து டேங்கில் ‘கொடகொட’ என்று சத்தம் கேட்க, இந்த டேங்கில் நுரை மெல்ல ஆடியது.

மோப்பம் மூடியைப் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவின கால் ஞாபகம் வந்தது.

கீழே இறங்கிப் பக்குவமாகத்தான் ஆரம்பித்தார்.

“சார், மேல ரெண்டு டேங்க்கையும் யாரோ சேத்துட்டாங்க போலிருக்கு...”

“யாரோ இல்ல. நான்தான்” என்றார் வெள்ளைச் சட்டை. நாற்காலியில் நிமிர்ந்துகொண்டார். “சமையல் டேங்குக்குப் போற குழாய் அடைச்சுக்கிச்சு. ப்ளம்பர் சுவரை உடைக்கணும்னான். போடான்னுட்டேன். தோட்ட டேங்க் நிறையுதில்ல? அதுலேர்ந்து ஒரு ஜாயின்ட் குடுத்தா இதுவும் நிறையுது. மூளை இருக்கணும்.”

“அதுல துவைக்கிற தண்ணியும் வருதே சார்.”

“அலசுற தண்ணி. சோப்புப் போன தண்ணி. சுத்தமாத்தான் இருக்கும். நீ ஃபிரிட்ஜ் மாட்ட வந்தியா, என் வீட்டை வேவு பாக்க வந்தியா?”

மோப்பம் வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். முதலாளி பாதியிலேயே வெட்டினார்.

“வாயை மூடிட்டு மாட்டுய்யா. சம்பந்தி வீட்டு டேங்க்கைப் பத்தி என்கிட்ட பஞ்சாயத்து வெக்கிறியா? ஃபிரிட்ஜுல ஃபில்டர் இருக்கில்ல? குடிச்சு போட்டோ அனுப்பு. இல்லேன்னா உன் பையை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு.”

மாட்டினார். வேறென்ன செய்ய? மேலே மூடினார், கீழே இணைத்தார், திறந்தார், ஒழுகலைத் துணி வைத்துத் துடைத்துப் பார்த்தார். கால்களைத் திருகி மட்டம் வைத்தார். ஃபில்டரில் இருக்கும் கரித்தூள் போவதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்துக் கொட்டினார். பிறகு ஃபிரிட்ஜின் கதவில் டம்ளரை வைத்து அழுத்தினார். தண்ணீர் வந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் அவருக்கு அதிகமாகக் குமட்டியது.

வெள்ளைச் சட்டை தன் போனைத் தூக்கிப் பிடித்தார். மோப்பம் வழக்கம்போல ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் நிறுத்தினார். கண்ணைச் சுருக்கினார். ‘க்ளிக்.’ அவர் கால் வாசலைப் பார்த்துத் திரும்பியது.

“எங்க போற? எப்படி இருக்கு? சொல்லு.”

மோப்பம் தலையை ஆட்டினார்.

“தலையை ஆட்டுனா? வாயைத் திறந்து சொல்லுய்யா. சம்பந்தி ஆளு என்ன சொல்றான்னு கேக்கணுமில்ல.”

வாய்க்குள் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. நாக்கின் அடியில் ஒரு வழுவழுப்பு. நைந்த எலாஸ்டிக் கண்ணுக்குள் நெளிந்தது. மோப்பம் கண்ணை மூடினார். விழுங்கினார். தொண்டையில் சோப்புக்கட்டியை நக்கின கரிப்பு, அதற்குப் பின்னால் ஈரத் துண்டின் வாடை, ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

“நல்லா இருக்கு சார்” என்றார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

“அப்படிச் சொல்லு! மிச்சத்தையும் குடி.”

குடித்தார்.

வெள்ளைச் சட்டை போட்டோவைச் சம்பந்திக்குத் தட்டிவிட்டார். அந்த நேரத்தில்தான் முதலாளியின் மகள் உள்ளே வந்தாள். பள்ளிக்கூடப் பையோடு கடைக்கு வந்து, காலி ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடின பெண். இளைத்திருந்தாள். கையில் மாத்திரை.

“மோப்பம் அண்ணா! எப்போ வந்தீங்க?”

“என்ன பாப்பா, இப்படி இளைச்சுட்டீங்க?”

“வயிறு சரியில்லண்ணா. வந்ததுலேர்ந்தே இப்படித்தான்.”

“வெளியில வாங்கித் தின்னு வளந்த உடம்பு” என்றாள் வீட்டம்மா. “வீட்டுச் சமையல் ஒத்துக்க நாளாகும்.” சொல்லிக்கொண்டே ஃபிரிட்ஜில் ஒரு டம்ளர் பிடித்து மருமகளிடம் நீட்டினாள். “இந்தாம்மா, உங்க அப்பா வீட்டுத் தண்ணி. மாத்திரையைப் போடு.”

அந்தப் பெண் டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு நொடி தயங்கினாள். முகம் லேசாகச் சுருங்கியது. பிறகு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பது போல முகத்தைச் சரிசெய்துகொண்டு உதட்டில் வைத்தாள்.

அந்த முகச்சுருக்கம் மோப்பத்துக்குத் தெரியாதா? கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அது.

“பாப்பா, கீழ வைங்க அதை.”

“ஏண்ணா?”

“குடிக்காதீங்க. அது துணி துவைச்ச தண்ணி. மேல ரெண்டு டேங்க்கையும் சேத்து வெச்சிருக்காங்க.”

வெள்ளைச் சட்டை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்னய்யா உளர்ற? இப்பத்தான் நீயே குடிச்ச, நல்லா இருக்குன்ன!”

“நான் சம்பளத்துக்குக் குடிச்சேன் சார். அவங்க எதுக்குக் குடிக்கணும்?”

யாரும் எதிர்பார்க்காத விதமாக அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று.

“சோறுல சோப்பு வாசனை வருதுன்னு நான் சொன்னேன்ல அத்தை? என் மூக்குல கோளாறுன்னீங்களே.”

“அவன் சொல்றான்னு நீயும் ஆடாத” என்றார் மாமனார். “ஆதாரம் இருக்கா? ஆதாரம் காட்டட்டும்!”

அவள் டம்ளரை வைத்துவிட்டு, மாமனாரின் வெள்ளைச் சட்டைகளுக்குப் போட அலமாரியில் வைத்திருந்த சொட்டு நீலப் பாட்டில்களை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். தோட்ட டேங்கில் கொட்டப் போகிறாள் என்று மற்றவர்களுக்குப் புரிவதற்குள் மோப்பத்துக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். சமையலறை டேங்க் குறைந்தால்தான் தோட்ட டேங்கிலிருந்து நீலம் வரும்.

அவள் கீழே வந்து, கையைக் கட்டிக்கொண்டு குழாயைப் பார்த்தபடி நின்றாள். நீலக் கறை முழங்கை வரைக்கும் இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளைச் சட்டை, “தண்ணி வீணாப் போகுது” என்று நடுவில் ஒருமுறை சொன்னார். யாரும் மூடவில்லை.

முதலில் ஒரு சாயல்தான் வந்தது. வெள்ளைத் தொட்டி என்பதால் தெரிந்தது. பிறகு வானம் மாதிரி. பிறகு பேனா மை மாதிரி.

வீட்டம்மா தொட்டியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

“உங்க பனியனை அலசுன தண்ணியிலயா நான் இத்தனை நாளா அரிசி களைஞ்சேன்?”

“நீலம் ஒண்ணும் விஷம் இல்ல” என்றார் அவர், “அதோட ஃபிரிட்ஜுல ஃபில்டர் வேற இருக்கு.”

“அது வாடையைத்தான் கொஞ்சம் குறைக்கும் சார்” என்றார் மோப்பம். “பனியனை வடிகட்டாது.”

வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வாய் கொப்புளிக்கிற சத்தம். எந்தத் தண்ணீரில் கொப்புளிக்கிறோம் என்று நடுவில் உறைத்திருக்க வேண்டும், மறுபடி ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது.

வெள்ளைச் சட்டை தோற்கிற ஆள் இல்லை. சம்பந்திக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “உங்க ஆளு என் வீட்டுக்கு வந்து, என் மருமகளைத் தூண்டிவிட்டு, என் டேங்க்கை நாசம் பண்ணிட்டான்” என்றார்.

“அவனை இன்னிக்கே தூக்கிடறேன் சம்பந்தி” என்றது முதலாளியின் குரல், என்ன ஏது என்று கேட்காமல். “நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.”

மோப்பம் பைக்குள் ஸ்பானரைப் போட ஆரம்பித்தார்.  வேலை போன பயம் ஒரு பக்கம். வயிற்றுக்குள் இருப்பது எந்த நேரமும் மேலே வரலாம் என்பது இன்னொரு பக்கம்.

மகள் போனுக்குக் குனிந்தாள். “அப்பா, நான்தான். தாராளமாத் தூக்குங்க. ஆனா இங்க ஒரு டம்ளர் நீலமாப் பிடிச்சு வெச்சிருக்கேன். நான் தினமும் எதுல சமைச்சதைச் சாப்பிட்டேன்னு நீங்க பாக்கணும். வந்து இதை முதல்ல குடிச்சுட்டு, அப்புறம் அண்ணாவைத் தூக்குங்க.”

 

“போட்டோவைச் சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டேனேம்மா” என்றார் முதலாளி.

மகளைப் பற்றிக் கேட்பார் என்று மோப்பம் ஒரு கணம் எதிர்பார்த்துவிட்டார். சீ என்று ஆனது. ஃபிரிட்ஜுக்குப் போகிற குழாயைக் கழற்றி வாயை அடைத்தார். “டேங்க் ரெண்டையும் பிரிச்சு, கழுவி, கூப்பிடுங்க பாப்பா. வந்து மாட்டித் தரேன்” என்றார். பையிலிருந்த தன் பாட்டிலை அவள் மாத்திரைக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது. அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கக்கினார். அதில்கூட நுரை இருந்தது போல அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் வீட்டில் சோப்பில்லாமல் குளித்தார். துவைத்துக் காய்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள் மனைவி. முகர்ந்து பார்த்துத் தூக்கி எறிந்தார்.

“இது வேணாம். வெறும் தண்ணியில அலசிக் குடு.”

“இத்தனை நாளா ஊர் நாறுதுன்ன. இனிமே நீ நாறப்போற” என்றாள் அவள். கதையைக் கேட்டதும் தையல் மெஷினில் நூல் அறுந்துபோகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு எழுந்துபோய்ச் சட்டையை அலசினாள்.

வேலை போகவில்லை. டேங்குகளைப் பிரிக்கும் வரை அந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று மகள் கடை மாடியிலேயே வந்து தங்கிவிட்டாள். அவள் கண்ணுக்கு முன்னால் மோப்பத்தை அனுப்ப முதலாளிக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் முதலாளி திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். “இனிமே உன் பாட்டில் தண்ணியையே டம்ளர்ல ஊத்திக் குடி. போட்டோல என்ன வித்தியாசம் தெரியப்போகுது?” என்று ஒரு நாள் ரகசியமாகச் சொன்னார்.

“இனிமே நான் குடிக்கறதா இல்ல முதலாளி. முதல்ல மாடி ஏறிப் பாப்பேன். அப்புறம்தான் பையைத் திறப்பேன்” என்றார் மோப்பம். முதலாளி, மகள் இருக்கிற மாடிப்படியைப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார்.

அந்தப் போட்டோவும் போகவில்லை. சம்பந்தி எடுத்தது நன்றாக விழுந்திருந்ததாம். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிவிட்டார்கள். கையில் டம்ளர், உப்பின கன்னங்கள், சுருங்கின கண்கள், மேலே ‘எங்கள் தண்ணீரை நாங்களே குடிக்கிறோம்’ என்று கொட்டை எழுத்தில். வருகிறவர்கள் படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்ப்பார்கள்.

“நீங்கதானா அது? எவ்வளவு ஆசையாக் குடிக்கிறீங்க!” என்றாள் ஒருத்தி, ஃபிரிட்ஜ் பார்க்க வந்தவள்.

“குடிக்கலம்மா” என்றார் மோப்பம். “அதுல இன்னும் வாய்லதான் இருக்கு.”

சொல்லும்போதே அந்த வழுவழுப்பு நாக்கின் அடியில் வந்துவிட்டது. அவளை அப்படியே நிற்கவைத்துவிட்டு, வண்டி மறைவைத் தேடி வெளியே ஓடினார்.